படியெடுத்தலும் கொடையும்

கொடுக்கப்படாததைக் கொள்வதே களவு என்று தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் இலக்கணம் வகுக்கிறது. கொண்ட பின்னும் உடையவரிடம் பொருள் குறையாதிருப்பின் அது களவாகுமா? இவ்வினாவை நம் இல்லங்களுக்குள் கொணர்ந்தது ஒலிநாடா.

பிலிப்ஸ் நிறுவனம் 1963ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய கேசட், 1980களில் சேலம், நாமக்கல் வட்டாரக் கடைத்தெருக்களை நிறைத்தது. வெற்றுக் கேசட்டையும் பாட்டுப் பட்டியலையும் கடையில் கொடுத்துப் பதிவு செய்து வாங்குவது அந்நாளைய வழக்கம். நம் இல்லத்திலும் இரட்டைக் கேசட் டேப்ரிக்கார்டர் ஒன்று இருந்தது.

இராசிபுரத்தில் நாம் ஆசிரியப் பணியாற்றிய காலத்தில், புலவர் ஒருவர் தம் கைப்பொருளைச் செலவிட்டு நீதிநூல் விளக்கவுரையைக் கேசட்டாக வெளியிட்டார். நாம் ஒன்றை வாங்கி, ஏழு இல்லங்களுக்குப் படியெடுத்து வழங்கினோம். காசு பெறவில்லை, சாத்திர தானம் என்றே எண்ணி மகிழ்ந்தோம். ஒருநாள் அப்புலவர், அண்டை வீட்டில் தம் குரல் ஒலிக்கக் கேட்டு நின்றார். திண்ணையிலிருந்த நம்மிடம், "டீச்சரம்மா, இவர்கள் எந்தக் கடையில் வாங்கினார்கள்? அங்கே இன்னும் சில கொடுத்து வைக்கிறேன்" என்றார். விற்காத கேசட்டுகள் அவர் பையில் இருந்தன. நாம் தலைகுனிந்தோம்.

கன்னட நாட்டுச் சமண அம்மையார் அத்திமப்பே, 10ஆம் நூற்றாண்டில் பொன்னரின் சாந்தி புராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கியதாக வரலாறு கூறும். அதுவும் படியெடுத்தலே. ஆயின் அவர் செலவிட்டது தம் பொருள். நாம் வாரி வழங்கியதோ புலவருக்குச் சேர வேண்டிய கூலி. பிறர் கூலியைக் கொடுத்துவிட்டுக் கொடையாளி எனப் பெயர் பெறுதல் தகுமோ?

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 2012ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், கணினி நிரல் நீங்கலாக எப்படைப்பையும் சொந்தப் பயனுக்கு நியாயமான முறையில் கையாள இடமளிக்கிறது. சட்டத்தின் எல்லை அது. அணுவிரதம் ஏற்ற இல்லறத்தார்க்கு அதனினும் நுண்ணிய எல்லை உண்டு.

எனினும் படியெடுத்தல் யாவும் பழியன்று. மறைந்த பாட்டியின் குரலும், எங்கும் விலைக்குக் கிடைக்காத பழைய பதிவும் நாடாவின் காந்தப் பூச்சு கெட்டால் அழிந்துபோகும். அவற்றைக் காப்பது கடமை. கேசட்டின் விளிம்பிலுள்ள சிறு தடுப்புகளை உடைத்துவிட்டால், அதன்மேல் தவறிப் பதிவாகாது. டேப்ரிக்கார்டரின் ஹெட்டை ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்து, மூலத்திலிருந்தே படியெடுக்க வேண்டும். படியிலிருந்து படியெடுத்தால் இரைச்சல் மிகும்.

மறுநாள் நாம் புலவரிடம் ஏழு கேசட்டுகளை விலைக்கு வாங்கி, அந்த ஏழு இல்லங்களுக்கே அளித்தோம். அன்றுதான் உண்மையில் கொடுத்தோம். கைப்பேசியில் ஒரு தொடுகையில் பாடலும் நூலும் பரவும் இந்நாளிலும், அனுப்புமுன் ஒருமுறை நம்மையே கேட்டுக்கொள்வோமாக: நாம் கொடுப்பது எவருடைய பொருள்?