பறவை பார்ப்பது வீண் பொழுதா?

காரைக்காலிலிருந்து நாகூர், வேதாரண்யம் வழியே பேரனுடன் கோடியக்கரை போய் வந்தேன். 1967இல் சரணாலயமான இடம். 2002இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. "பறவை பார்ப்பது வீண் பொழுதல்லவா, பாய்?" என்றார் நண்பர். வானத்துப் பறவைகளைக் கவனிக்கும்படி திருமறையே (67:19) நம்மைத் தூண்டும்போது அது எப்படி வீணாகும்?

என் சங்கடம் வேறு. ஆழமற்ற நீரில் அலகைத் தலைகீழாய்ச் செலுத்தி மேய்ந்துகொண்டிருந்தன பூநாரைகள். அவை பறப்பதைக் காணப் பேரன் ஆசைப்பட்டான். நானே கைதட்டிக் கிளப்பிவிட்டேன். அந்தச் செந்நிறச் சிறகுகள், சுப்ஹானல்லாஹ்! ஆனால் மேய்ச்சலை விட்டுவிட்டு வெகுதூரம் போய் இறங்கின. வலசை வந்த உயிர்களுக்கு இங்கே கிடைக்கும் தீனிதானே திரும்பும் வழிக்குக் கட்டுச்சாதம்!

குஞ்சுகளை எடுத்துத் தாய்ப்பறவையைத் தவிக்கவிட்ட தோழர்களிடம், அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். நான் எதைத் திருப்பிக் கொடுப்பது? அஸர் வரை ஒதுங்கி அமர்ந்திருந்தோம். பாதிக் கூட்டம்தான் திரும்பி வந்தது.