நாளும் கோளும் சத்திரமும்

மதுரையிலிருந்து ஆள் வந்திருந்தது. பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியும் அமைச்சர் குலச்சிறையாரும் அனுப்பிய ஆள். அப்போது திருமறைக்காட்டில், அதாவது இன்றைய வேதாரண்யத்தில், தங்கியிருந்த திருஞானசம்பந்தர் உடனே கிளம்பத் தயாரானார். கூட இருந்த அப்பர் தடுத்தார். கோள்களின் நிலை சரியில்லை, இப்போது போக வேண்டாம் என்றார். அதற்குச் சம்பந்தர் சொன்ன பதில்தான் கோளறு பதிகம். இறைவன் உள்ளே இருக்கும்போது நாளும் கோளும் அடியாரை என்ன செய்துவிடும் என்பது அதன் சாரம். பாடி முடித்துவிட்டு அவர் மதுரைக்குப் புறப்பட்டார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் அநேகமாகச் சம்பந்தர் பக்கமே நின்றுவிடுகிறார்கள். அப்பர் பக்கம் நின்று பார்த்தால் வேறொன்று தெரியும். சமணத்தை விட்டுச் சைவத்துக்குத் திரும்பியதற்காக நீற்றறையில் அடைக்கப்பட்டவர், நஞ்சு ஊட்டப்பட்டவர், கல்லோடு பிணைத்துக் கடலில் தள்ளப்பட்டவர் என்று சேக்கிழாரின் பெரியபுராணம் அவரைப் பற்றிச் சொல்கிறது. எதிரே நிற்பதோ சின்னப் பிள்ளை. சமணர் செல்வாக்கில் இருந்த மதுரைக்கு அந்தப் பிள்ளை போனால் என்ன நடக்கக்கூடும் என்று, பட்டவருக்குத் தெரியாதா? நாள் சரியில்லை என்ற சொல்லுக்குள் பஞ்சாங்கத்தைவிடப் பாசம்தான் அதிகம் இருந்தது. அவர் பயந்ததும் வீணில்லை. மதுரையில் சம்பந்தர் தங்கிய மடத்துக்கு இரவில் தீ வைத்தார்கள் என்று சேக்கிழார் எழுதுகிறார்.

எப்போது போவது, எங்கே தங்குவது என்ற இரண்டும் ஏதோ பயண ஏற்பாட்டுச் சமாசாரம்போலத் தோன்றும். ஆனால் வாழ்நாள் கனவாக ஒருவர் ஒரு தலத்துக்குப் போக நினைக்கும்போது, பக்தி மரபில் தீராத ஒரு வழக்கு அங்கே வந்து நிற்கிறது. இறைவன் எங்கும் இருக்கிறான், எக்காலத்திலும் இருக்கிறான் என்றால், ஒரு நாளையும் ஓர் ஊரையும் ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்?

நாளைப் பற்றி நம் ஊர்களில் இருக்கும் ஏற்பாடு விரிவானது. அன்றன்றைக்குப் பயணம் ஆகாத திசையைச் சூலம் என்பார்கள். திங்களும் சனியும் கிழக்கே சூலம், செவ்வாயும் புதனும் வடக்கே, வியாழன் தெற்கே, வெள்ளியும் ஞாயிறும் மேற்கே. இன்றைக்கும் நாள்காட்டித் தாளில் ராகுகாலத்தோடு இதுவும் அச்சாகிறது. இந்தக் கட்டுப்பாட்டுக்குள்ளேயே ஒரு கதவையும் பெரியவர்கள் திறந்து வைத்திருந்தார்கள். அதற்குப் பரஸ்தானம் என்று பெயர். கிளம்ப வேண்டிய நாள் நல்ல நாளாக இல்லையென்றால், அதற்கு முன்பே ஒரு நல்ல வேளையில் ஒரு துணி மூட்டையையோ பையையோ பக்கத்து வீட்டிலோ கோயிலிலோ கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு தோதுப்பட்ட நேரத்தில் கிளம்பி, போகிற வழியில் மூட்டையை எடுத்துக்கொள்ளலாம்.

இதை ஏமாற்று வேலை என்று தள்ளிவிடுவது எளிது. அப்படித் தள்ளுவது நியாயமில்லை. நேரத்துக்கு வலிமை உண்டு என்று நம்பிய ஒரு சமூகம், அந்த நம்பிக்கையால் மனிதன் முடங்கிவிடக் கூடாது என்பதிலும் அக்கறையாக இருந்திருக்கிறது. நாள் பார்ப்பது போகவிடாமல் தடுப்பதற்கு ஏற்பட்டதல்ல. போகிறவர் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்ற கவலையை வீட்டில் இருக்கிறவர்கள் சொல்லும் முறை அது.

காசிக்குப் போக நினைக்கிற தமிழ்க் குடும்பத்துக்கு இன்று பஞ்சாங்கத்தோடு வேறு சில கணக்குகளும் சேர்ந்துவிட்டன. ரயிலில் 60 நாட்களுக்கு முன்புதான் முன்பதிவு திறக்கும். 2024 நவம்பருக்கு முன்பு அது 120 நாட்களாக இருந்தது. மே, ஜூனில் காசியில் வெயில் 45 டிகிரியைத் தொடும். ஆவணி வாக்கில் கங்கை பெருகினால் படித்துறைகளின் கீழ்ப்படிகள் மூழ்கிவிடும். தசாசுவமேதப் படித்துறையின் மாலை ஆரத்தி மேல்தளத்துக்கு ஏறிவிடும். மணிகர்ணிகையில் சிதைகளுக்கே இடம் தேட வேண்டியிருக்கும். மார்கழி, தையில் மூடுபனி இறங்கினால் வடக்கே ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். அதனால் ஐப்பசி, கார்த்திகை நல்ல காலம் என்பார்கள். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தங்க அன்னபூரணியைத் தீபாவளியை ஒட்டிய சில நாட்கள் மட்டுமே தரிசிக்க முடியும். அதற்காகவே அங்கே போய்ச் சேரும் தமிழர்கள் ஏராளம்.

ஆண்டில் சில நாட்கள் மட்டும் என்பதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட வேளையில் புண்ணியம் பன்மடங்கு என்று சொன்னால், எல்லோரும் அந்த வேளைக்கே வருவார்கள். 2025 ஜனவரி 13 முதல் பிப்ரவரி 26 வரை பிரயாக்ராஜில் மகாகும்பமேளா நடந்தது. ஜனவரி 29, மௌனி அமாவாசை. அன்று விடிவதற்கு முன்பே சங்கமக் கரையில் ஏற்பட்ட நெரிசலில் 30 பேர் இறந்ததாக உத்தரப் பிரதேச அரசு அறிவித்தது. அவர்கள் வந்தது ஒரு முழுக்குக்காக. அதே நதி அதற்கு மறுவாரமும் அதே இடத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. புண்ணிய காலம் என்ற எண்ணம் மனிதர்களை ஒன்றுகூட்டும் அழகு கொண்டது, சந்தேகமில்லை. தனியாக முங்கி எழுவதும் லட்சம் பேரோடு சேர்ந்து முங்கி எழுவதும் ஒன்றல்ல. ஆனாலும் வயதான தாயைக் கூட்டிப் போகிறவர் அமாவாசையைத் தவிர்த்து, கூட்டம் வடிந்த ஒரு செவ்வாய்க்கிழமையில் போனால் அவருடைய பக்தி குறைந்துவிட்டதாக எந்த சாஸ்திரத்தைக் காட்டியும் சொல்ல முடியாது. தாயின் முழங்கால் வலியைக் கணக்கில் சேர்த்துக்கொண்ட நாளும் நல்ல நாள்தான்.

தங்கும் இடத்தைப் பற்றிய கதைகள் இன்னும் நுட்பமானவை. பெரியபுராணத்தைப் பயண நூலாகப் படித்துப் பார்த்தால், எங்கே தங்கினார்கள் என்பதைச் சேக்கிழார் எவ்வளவு கவனமாகச் சொல்கிறார் என்று வியப்பு வரும். சுந்தரர் திருவதிகைக்கு வருகிறார். அப்பர் உழவாரத் தொண்டு செய்த ஊர் அது. அந்த மண்ணைக் காலால் மிதிக்க அவருக்கு மனம் வரவில்லை. ஊருக்குள் போகாமல் வெளியே சித்தவடமடம் என்ற இடத்தில் தங்கிவிடுகிறார். இரவு தூங்கும்போது தலைமேல் ஒரு கால் படுகிறது. விழித்துப் பார்த்தால் பக்கத்தில் ஒரு கிழவர் படுத்திருக்கிறார். தலையை மாற்றி வைத்துப் படுக்கிறார். மறுபடியும் கால். இடத்தை மாற்றுகிறார். அங்கேயும் கால். யாரையா நீர் என்று கேட்டதும், என்னைத் தெரியவில்லையா என்று சொல்லி மறைகிறார் கிழவர். அப்பர் நடந்த மண்ணில் தன் கால் படக்கூடாது என்று ஒதுங்கியவரின் தலைமேல் இறைவனே வந்து காலை வைத்தான் என்று கதை போகிறது.

சம்பந்தருக்கும் இதுபோல ஒன்று நேர்ந்தது. காரைக்கால் அம்மையார் தலையால் நடந்த தலம் திருவாலங்காடு. அங்கே கால் பதிக்கத் தயங்கி அவர் அருகிலுள்ள பழையனூரில் தங்கினார். என்னைப் பாட மறந்தாயோ என்று இறைவன் கனவில் வந்து கேட்டதாகச் சேக்கிழார் சொல்கிறார். இரண்டு கதையிலும் தரிசனத்துக்கு முன்பே, தங்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்ததிலேயே வழிபாடு தொடங்கிவிடுகிறது. தனக்கு முன்னால் அந்த வழியில் போனவரை நினைத்து இடம் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். வசதியை வைத்தோ தூரத்தை வைத்தோ அல்ல.

காசியில் தமிழர்களுக்கு இப்படி முன்னால் போனவர்களின் தடம் நிறையவே இருக்கிறது. கேதாரப் படித்துறையில் 17-ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் நிறுவிய குமாரசாமி மடம் இருக்கிறது. அனுமன் படித்துறைப் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த சந்துகள் இருக்கின்றன. தந்தையை இழந்த பாரதி, 1898-இல் அத்தை குப்பம்மாள் வீட்டுக்கு வந்து தங்கியது அங்கேதான். அவர் நாள் பார்த்துக் கிளம்பியவரல்ல. வேறு போக்கிடம் இல்லாமல் வந்தவர். அந்த வீட்டில் தங்கிய ஆண்டுகளில்தான் இந்தியும் சமஸ்கிருதமும் கற்றார், தலைப்பாகையும் மீசையுமாக மாறினார்.

கொதோலியா பக்கம் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் இருக்கிறது. விசுவநாதர் பூசைக்கான பொருள்கள் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே இந்தச் சத்திரத்திலிருந்து நாள்தோறும் போகின்றன. பால், சந்தனம், வில்வம், பூ எல்லாவற்றையும் ஏந்திக்கொண்டு சம்போ, சம்போ என்று குரல் கொடுத்தபடி ஆட்கள் கடைத்தெருவில் நடப்பார்கள். ரிக்‌ஷாவும் மாடும் பட்டுப்புடவைக் கடைக்கூட்டமும் நெரியும் அந்தத் தெரு அவர்களுக்கு வழிவிடும். அந்த ஊர்வலத்துக்கே சம்போ என்றுதான் பெயர். ஆற்றைப் பார்த்த குளிர்சாதன அறையில் தங்குகிறவருக்குக் கங்கை நன்றாகத் தெரியும். சத்திரத்தில் தங்குகிறவருக்கோ, தன் ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக நாள் தவறாமல் செய்துவரும் ஒரு வேலை கண்முன் நடக்கும். காசிக்கு முதல்முறை போகிறவர் ஓர் இரவாவது அந்தச் சத்தம் கேட்கும் தூரத்தில் தங்குவது நல்லது.

காசியிலேயே, திரும்பிப் போகும் எண்ணம் இல்லாமல் வந்து தங்குகிறவர்களும் உண்டு. காசிலாப முக்தி பவனம் என்ற விடுதி 1958 முதல் நடக்கிறது. சாகும் தறுவாயில் இருப்பவர்களைக் குடும்பத்தார் அங்கே கொண்டுவருவார்கள். காசியில் உயிர் பிரிந்தால் முக்தி என்ற நம்பிக்கை. ஏறக்குறைய பத்து அறைகள்தான். அதனால் தங்குவதற்குப் பொதுவாக இரண்டு வாரம் கெடு. அதற்குள் உயிர் பிரியவில்லையென்றால் அடுத்தவருக்கு இடம் விட்டுப் போகச் சொல்வார்கள். எப்போது, எங்கே என்ற இரண்டு கேள்வியும் இங்கே ஒரே கேள்வியாகிவிடுகின்றன. இடத்தைத் தேர்ந்தெடுத்தாயிற்று, நேரம் மட்டும் கையில் இல்லை.

அதே காசியில் வாழ்ந்த கபீர் இதை ஏற்கவில்லை. மகர் என்ற ஊரில் செத்தால் அடுத்த பிறவி கழுதை என்று மக்கள் நம்பிய காலம் அது. கோரக்பூருக்கு அருகே இருக்கும் அந்த ஊருக்கே கடைசிக் காலத்தில் போய்ச் சேர்ந்து, அங்கேயே இறந்தார். நெஞ்சில் ராமன் இருந்தால் காசி எதற்கு, நெஞ்சில் இல்லாதபோது காசி என்ன செய்யும் என்பது அவர் கட்சி. இன்றும் மகரில் இந்துக்கள் வழிபடும் சமாதியும் முஸ்லிம்கள் வழிபடும் மசாரும் அருகருகே இருக்கின்றன.

அப்பரும் ஏறத்தாழ இதையேதான் பாடினார். இறைவன் எங்கும் இருப்பதை உணராதவன் கங்கையில் குளித்தால் என்ன, குமரியில் குளித்தால் என்ன என்று கேட்டவர் அவர். கேட்டவரே கயிலைக்கும் கிளம்பினார். வழியில் காசியில் உடன் வந்தவர்களை விட்டுவிட்டுத் தனியே நடந்தார். கால் தேய்ந்தபின் கையால் தவழ்ந்து, மார்பால் ஊர்ந்து, புரண்டு போனார். முனிவராக வந்த இறைவன், மனிதரால் ஆகாது, திரும்பிப் போ என்று சொல்லியும் அவர் கேட்கவில்லை. கடைசியில் ஒரு குளத்தில் மூழ்கச் சொன்னான். அவர் எழுந்தது திருவையாற்றுக் குளத்தில். களிறும் பிடியுமாக, சேவலும் பெடையுமாக எதிரே வந்த ஒவ்வோர் இணையிலும் அவர் அம்மையப்பனைக் கண்டார்.

அறிவுக்கு எங்கும் என்பது போதும். அன்புக்கு ஓர் இடமும் ஒரு நாளும் வேண்டியிருக்கிறது. குழந்தையைக் கொஞ்ச நினைப்பவர் பொதுவாகக் கொஞ்ச முடியாது; ஏதோ ஒரு கன்னத்தில்தான் முத்தம் கொடுத்தாக வேண்டும். அப்பர் கயிலைக்கு நடந்தது அவர் தத்துவத்துக்கு முரணில்லை. நடந்திராவிட்டால் திருவையாற்றில் ஒரு பெட்டைக்கோழி அவருக்கு வெறும் கோழியாகவே இருந்திருக்கும்.

இவ்வளவும் தேர்ந்தெடுக்க முடிந்தவர்களின் கதை. தேர்ந்தெடுக்க முடியாத ஒருவரும் அதே பெரியபுராணத்தில் இருக்கிறார். கொள்ளிடக் கரை ஆதனூரில் பிறந்த நந்தனார். கோயில் முரசுக்குத் தோல், யாழுக்கு நரம்பு, பூசைக்குக் கோரோசனை எல்லாம் கொடுத்தவர். கோயிலுக்குள் மட்டும் போக முடியாதவர். தில்லைக்குப் போக வேண்டும் என்பது அவர் கனவு. குலத்தை நினைப்பார், நின்றுவிடுவார். நாளைப் போவேன் என்பார். அந்தச் சொல்லே அவருக்குத் திருநாளைப்போவார் என்று பெயராயிற்று. கடைசியில் தில்லை எல்லை வரை போய், வேள்விப் புகையைத் தூரத்தில் பார்த்து, மதிலைச் சுற்றிச் சுற்றி வந்தார். நெருப்பில் மூழ்கி வா என்று இறைவன் கனவில் சொன்னதாகவும், தீயில் இறங்கி முனிவர் கோலத்தில் எழுந்து உள்ளே போனதாகவும் புராணம் முடிகிறது.

அந்தத் தீயை எவ்வளவு படித்தாலும் மனம் ஒப்பவில்லை. திருப்புன்கூரில் அதே நந்தனாருக்காக நந்தியையே விலகச் சொன்னவன், தில்லையில் அவரைத் தீயில் இறங்கச் சொல்வானேன்? கோபாலகிருஷ்ண பாரதி 19-ஆம் நூற்றாண்டில் நந்தன் சரித்திரம் எழுதியபோது, சேக்கிழாரிடம் இல்லாத ஒரு பண்ணையாரைக் கதைக்குள் கொண்டுவந்தார். அறுவடை முடியட்டும், இந்த வேலை முடியட்டும் என்று விடுமுறை கொடுக்காமல் இழுத்தடிக்கும் முதலாளி. நாளை என்ற சொல் யார் வாயிலிருந்து வந்தாலும், அதை அப்படிச் சொல்ல வைத்த கை யாருடையது என்பதை அந்த நாடகம் ஊர் ஊராகக் காட்டியது.

1939 ஜூலை 8-ஆம் தேதி, சனிக்கிழமை, மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆறு பேர் நுழைந்தார்கள். ஐந்து பேர் தாழ்த்தப்பட்டவர்கள், ஒருவர் நாடார் சமூகத்தவர். அந்த ஐவரில் ஒருவர், பின்னாளில் தமிழக அமைச்சரான கக்கன். கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு துணை நின்றார். எதிர்ப்பு வெடித்தது, பட்டர்களில் சிலர் பூசை செய்ய மறுத்தார்கள். நுழைந்தவர்கள் மீது வழக்கு வராமல் காக்கும் சட்டத்தை ராஜாஜி அரசு அதற்குப் பிறகுதான் கொண்டுவந்தது. மாகாணத்துக் கோயில்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் சட்டம் 1947-இல் வந்தது. அதுவரை காத்திருக்கலாம், நாளைப் போகலாம் என்று அந்த ஆறு பேரும் நினைக்கவில்லை.