சட்டைன்னா துணிதானே?

என்னோடு பி.காம். படித்த நண்பன் ஒருவன் அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்தில் இருக்கிறான். பைப் பிடிப்பான். சில வருடங்களுக்கு முன் அவன் வீட்டில் நான்கு நாள் தங்கினேன். சமையலறை அலமாரியைத் திறந்தால், நம் வீடுகளில் ஊறுகாய், வடகம் போட்டு வைப்பது மாதிரி வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள். அத்தனையிலும் புகையிலை. ஒவ்வொரு ஜாடியிலும் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது. வாங்கிய தேதி, ஒரு அவுன்ஸ் என்ன விலை, காரம் பத்துக்கு எத்தனை. பக்கத்திலேயே நகைக்கடையில் இருப்பது போல ஒரு சின்ன தராசு.

"இதுக்குத்தான்டா உங்கப்பா உன்னை காமர்ஸ் படிக்க வெச்சாரா?" என்றேன்.

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. உட்கார வைத்துக் கணக்கே சொல்லிக் கொடுத்தான். டின்னில் அடைத்து வருவது ஒரு விலை. அதே மாதிரி சரக்கைக் கடையில் லூஸில் பவுண்டு கணக்கில் வாங்கினால் அவுன்ஸுக்கு விலை குறையும். சரி, இது நம்ம ஊர் மளிகைக் கடைக் கணக்குதான். அதற்கு மேல்தான் விஷயம். லூஸில் வரும் புகையிலை ஈரமாக இருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து ஆற வைத்தால் எடை இறங்கும். "அப்ப நான் தண்ணிக்கும் சேர்த்துக் காசு கொடுத்திருக்கேன்ல? பால்காரர் கதைதான் மச்சான்!" அதனால், உலர்ந்த பிறகு நிறுத்துப் பார்த்து, அந்த எடைக்கு விலை போட்டு, எது லாபம் என்று முடிவு செய்வான். அவனைப் போன்ற பைப்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு முழுக்க இதுதானாம்.

காரம் இன்னொரு தனிப் பாடம். லடாக்கியா என்று ஒரு ரகம். சிரியாவின் துறைமுகம் ஒன்றின் பெயர் அது. விறகுப் புகை மூட்டம் போட்டுப் பதப்படுத்துகிற இலை. ஜாடியைத் திறந்தால் கொட்டாங்கச்சி எரித்த வாசனை ஆளைத் தள்ளுகிறது. இதுதான் பயங்கரக் காரம் என்று நினைத்தேன். "இல்லடா, இது வெறும் வாசனைப் புலி. நிகோடின் கம்மி. இதோ, சாது மாதிரி இருக்கான் பாரு பர்லி, இவன்தான் தலையைச் சுத்த வைப்பான்" என்றான். லூசியானாவில், செயின்ட் ஜேம்ஸ் என்ற வட்டாரத்தில் விளைகிற பெரீக் என்ற ரகத்தைப் பீப்பாயில் போட்டு, அழுத்தம் கொடுத்து மாதக்கணக்கில் புளிக்க விடுவார்களாம். அதை மிளகு மாதிரி ஒரு சிட்டிகைதான் சேர்க்க வேண்டுமாம். நம் பாட்டிகள் சாம்பார்ப் பொடிக்குச் சொல்லும் பக்குவத்தைவிட அதிகப் பக்குவம் சொன்னான்.

(பைப் பிடித்தால் கெடுதல் இல்லை என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். வாய், தொண்டை, நுரையீரல் புற்றுநோய்கள் பைப்காரர்களையும் விட்டுவைப்பதில்லை. அவன் சீட்டில் அந்தக் கணக்குக்கு இடம் இல்லை. நானும் விருந்தாளி என்பதால் கேட்கவில்லை.)

மறுநாள் அவனோடு புகையிலைக் கடைக்குப் போனேன். மேல்தட்டில் அவன் வாங்கும் சரக்கு. கீழ்த்தட்டில் தலையணை சைஸில் பிளாஸ்டிக் பைகள். அதிலும் 'பைப் டொபாக்கோ' என்றுதான் பெரிதாக எழுதியிருந்தது. விலையைப் பார்த்தால் அவன் வாங்குவதைவிட ரொம்ப மலிவு.

"இது சல்லிசா இருக்கே, இதை வாங்கேன்டா."

அவன் முகத்தைச் சுளித்தான். "அது பேருக்குத்தான் பைப். எங்க ஆளுங்க யாரும் தொட மாட்டாங்க. அங்க பாரு" என்று கண்ணைக் காட்டினான். வேலைக்குப் போகும் உடுப்பில் ஒருவர் அந்தப் பைகளில் ஒன்றைத் தூக்கினார். கூடவே காலி சிகரெட் குழல்கள் அடுக்கிய பெட்டி ஒன்றையும் எடுத்தார். பணம் கொடுத்தார். போய்விட்டார். அவரிடம் பைப்பே இருக்காது என்று நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன்.

விஷயம் இதுதான். 2009 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. வசதி குறைந்த குடும்பங்களின் குழந்தைகளுக்கான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடரப் பணம் வேண்டும். அதற்காகப் புகையிலை மீதான மத்திய வரியை ஏற்றினார்கள். ஏப்ரல் 1 முதல் அமல். அதுவரை, சிகரெட்டைத் தானே சுருட்டிக்கொள்ள விற்கும் புகையிலைக்கும் பைப் புகையிலைக்கும் ஒரே வரி. பவுண்டுக்கு 1 டாலர் 10 சென்ட் சுமார். புதிய சட்டத்தில் சுருட்டுகிற புகையிலைக்கு 24 டாலர் 78 சென்ட். பைப் புகையிலைக்கோ 2 டாலர் 83 சென்ட்தான். ஒரு பவுண்டுக்கு ஏறக்குறைய 22 டாலர் வித்தியாசம்!

பைப் பிடிப்பவர்கள் எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள், போனால் போகிறது என்று விட்டார்களோ என்னவோ. ஆனால் எது பைப் புகையிலை, எது சுருட்டும் புகையிலை? சட்டம் சொல்லும் விளக்கத்தைப் படித்தால் சிரிப்பு வரும். தோற்றம், ரகம், பாக்கெட், லேபிள் இவற்றைப் பார்த்து, இது பைப்பில் போட்டுப் பிடிக்க ஏற்றது, அதற்காகத்தான் விற்கவும் வாங்கவும் படும் என்று தோன்றினால், அது பைப் புகையிலை. அதாவது, லேபிளை மாற்றினால் பாதிக் கிணறு தாண்டியாச்சு.

தாண்டினார்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2012-ல் கணக்கெடுத்தது. 2009 ஜனவரியில் மாதத்துக்குச் சுமார் 2,40,000 பவுண்டு விற்ற பைப் புகையிலை, 2011 செப்டம்பரில் 30 லட்சம் பவுண்டைத் தாண்டியிருந்தது. அதே காலத்தில் சுருட்டும் புகையிலை 20 லட்சத்திலிருந்து 3,15,000 பவுண்டாக விழுந்தது. ஒரு தேசமே திடீரென்று ஆங்கில நாவல் தாத்தாக்கள் மாதிரி சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பைப் பிடிக்க ஆரம்பித்துவிட்டதா என்ன? சின்னச் சுருட்டிலும் இதே கூத்து. ஆயிரம் சுருட்டு 3 பவுண்டு எடைக்குள் இருந்தால் அது சின்னச் சுருட்டு, வரி அதிகம். கொஞ்சம் எடையை ஏற்றினார்கள். அது 'பெரிய சுருட்டு' ஆகிவிட்டது. இப்படிப் பைப்பிலும் சுருட்டிலும் சேர்த்து 2018 செப்டம்பர் வரை அரசுக்கு வராமல் போன தொகை 250 கோடி முதல் 390 கோடி டாலர் வரை இருக்கும் என்று அதே அமைப்பு 2019-ல் மதிப்பிட்டது.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். இதில் பொய் சொன்னது யார்?

கம்பெனிக்காரரைக் கேட்டால், "சட்டம் லேபிளைப் பார்க்கிறது, நான் லேபிள் ஒட்டினேன்" என்பார். வாங்கினவர், "கடையில் விற்றது, வாங்கினேன்; வீட்டில் அதை எதில் போட்டுப் பிடிப்பது என் இஷ்டம்" என்பார். அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. பாக்கெட் சிகரெட் வாங்கக் கட்டுப்படியாகாமல்தானே மனுஷன் உட்கார்ந்து சுருட்டுகிறார். நமக்குத் தெரிந்த பொய்யில், சொல்கிறவனுக்கு உண்மை தெரியும், கேட்கிறவன் ஏமாறுவான். இங்கே விற்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். ஒருவரை ஒருவர் ஏமாற்றவே இல்லை. நஷ்டப்படுகிறவர் மூன்றாம் ஆள், அவர் அந்தக் கடையிலேயே இல்லை. எங்கேயோ ஓர் ஆஸ்பத்திரியில், அம்மா மடியில் காய்ச்சலோடு உட்கார்ந்திருக்கிறது அந்த மூன்றாம் ஆள். ஏமாறுகிறவர் எதிரில் இல்லாவிட்டால் நம் நாக்குக்குக் கூச்சமே வருவதில்லை.

எல்லாப் பெயர்ச் சண்டையும் இப்படி அல்ல. தேங்காய் எண்ணெய் வழக்கு ஞாபகம் இருக்கலாம். சின்ன பாட்டிலில் விற்கும் சுத்தமான தேங்காய் எண்ணெய் சமையல் எண்ணெயா, தலைக்குத் தேய்க்கும் எண்ணெயா? வரி இலாகா தலை என்றது. விற்றவர்கள் வயிறு என்றார்கள். சேலம் கலால் ஆணையர் தொடுத்த அந்த வழக்கில் 2018-ல் சுப்ரீம் கோர்ட்டின் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். கடைசியில் 2024 டிசம்பர் 18-ல், சின்ன பாட்டில் என்பதற்காகவே அது ஹேர் ஆயில் ஆகிவிடாது, சமையல் எண்ணெய்தான் என்று தீர்ப்பு வந்தது. அப்போது சமையல் எண்ணெய்க்கு ஜி.எஸ்.டி. 5 சதவிகிதம், ஹேர் ஆயிலுக்கு 18. (2025 செப்டம்பரில் ஹேர் ஆயிலையும் 5 ஆக்கிவிட்டார்கள். சண்டைக்கே வேலையில்லை!) இதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டிலேயே ஒரே பாட்டில் காலையில் தலைக்கும் மத்தியானம் அவியலுக்கும் போகிறது. அந்த எண்ணெய்க்கு இரண்டு பெயரும் நிஜம். தலையணைப் பைக்கு அப்படி இல்லை. அதை ஒட்டியவருக்கே தெரியும்.

இவ்வளவு தெளிவாக அடுத்த நாட்டுக்காரனுக்குத் தீர்ப்புச் சொல்கிறேனே, எனக்கு அந்த யோக்கியதை இருக்கிறதா? நண்பன் கடையிலிருந்து திரும்பும்போது காரில் அதைத்தான் கேட்டான். "நீ ஜவுளிக்கடையில பில் போட்டவன்தானேடா?"

ஆமாம். காலேஜ் இரண்டாம் வருடம், சாயந்திர நேரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் எழுதினேன். அந்தக் காலத்தில் துணி, சர்க்கரை, புகையிலை இந்த மூன்றுக்கும் மாநில விற்பனை வரி கிடையாது. அதற்குப் பதிலாக மத்திய அரசு கூடுதல் கலால் வரி வாங்கி மாநிலங்களுக்குப் பங்கு கொடுக்கும். 1957-லிருந்து அப்படி ஓர் ஏற்பாடு. ஆனால் தைத்த ரெடிமேட் சட்டைக்கு அந்தச் சலுகை இல்லை, விற்பனை வரி உண்டு. அதனால் எங்கள் கடையில் யார் சட்டை வாங்கினாலும் பில்லில் 'துணி 2 மீட்டர்' என்று எழுதச் சொல்வார் முதலாளி. முதல் வாரம் கை தயங்கியது. அடுத்த வாரம் பழகிவிட்டது.

ஒரு நாள் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வந்தார். பேத்தி கல்யாணத்துக்கு என்று ஒரு ரெடிமேட் சட்டை எடுத்தார். பில்லைப் படித்துவிட்டு, "சட்டைதானேப்பா வாங்கினேன், துணின்னு போட்டிருக்கே?" என்றார்.

முதலாளி சிரித்தார். "சட்டைன்னா துணிதானே ஐயா? உங்களுக்கும் நாலு காசு மிச்சம்."

வாத்தியாரும் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார்.

பத்து நாள் கழித்து வந்தார். ஒரே சலவையில் காலர் பக்கம் தையல் விட்டுப் பிரிந்திருந்தது. மாற்றிக் கொடுக்கச் சொன்னார். முதலாளி பில்லைக் கையில் வாங்கி நிதானமாகப் படித்தார். "இதுல சட்டைன்னே இல்லையே ஐயா. துணிதான் வாங்கியிருக்கீங்க. தையலுக்கு நாங்க எப்படிப் பொறுப்பு?"

கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அடுத்த பில்லுக்குக் கார்பன் தாள் வைத்துக்கொண்டிருந்தேன்.

வாத்தியார் முதலாளியிடம் சண்டை போடவில்லை. என் மேஜைக்கு வந்தார்.

"தம்பி, இதை எழுதினது நீதானே?"

"ஆமா சார்."

"என்ன படிக்கறே?"

"பி.காம்., சார்."

பில்லை இன்னொரு தடவை பார்த்தார். "கையெழுத்து நல்லா இருக்கு" என்றார். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அந்த 2 மீட்டர் துணியை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.