திண்ணையும் கையெழுத்தும்

திருவையாற்றுப் பக்கம் ஒருத்தர் நிலத்தைப் பெரிய கை ஒன்று வளைத்துப் போடுகிறது. இழந்தவருக்கு நீங்கள் திண்ணை தருகிறீர்கள், சோறு போடுகிறீர்கள். வளைத்தவர் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்தும் போடுகிறீர்கள். நீங்கள் நல்லவரா?

சிரிக்காதீங்க. திபெத் விஷயத்தில் நாம் செய்தது இதுதான். 1954 ஒப்பந்தத்தில் ‘சீனாவின் திபெத் பகுதி’ என்று எழுதிக் கொடுத்தோம். 1959-ல் தப்பி வந்த தலாய் லாமாவுக்கு அடைக்கலம் தந்தோம். அவர் மக்களுக்குப் பைலகுப்பேயில் நிலமும் தந்தோம். 2003-ல் மறுபடியும் கையெழுத்து.

1940-ல் எஸ்டோனியாவை சோவியத் விழுங்கியபோது, அமெரிக்கா சண்டைக்குப் போகவில்லை. ஆனால், கடைசிவரை அதை அங்கீகரிக்கவும் இல்லை. அதனால்தான் 1991-ல் எஸ்டோனியர்கள் புது நாடு கேட்கவில்லை. பழைய நாட்டைத் திரும்பக் கேட்டார்கள்.

அமெரிக்கா தூரத்தில் இருந்தது, நமக்குச் சீனா பக்கத்து வீடு. பயம் நியாயம்தான். ஆனாலும், சோறு போட்ட புண்ணியத்தைக் கையெழுத்துக் கணக்கில் வரவு வைக்கலாமா? சொல்லுங்க.