விழுவதையெல்லாம் பிடிக்க வேண்டுமா?

தொண்ணூறுகளின் கடைசியில் கம்ப்யூட்டரைத் தொட்டவர்கள் சிலருக்காவது டிஎக்ஸ்-பால் ஞாபகம் இருக்கும். 1996-இல் மைக்கேல் வெல்ச் என்பவர் விண்டோஸுக்கு எழுதி, இலவசமாகவே வெளியிட்ட விளையாட்டு அது. மேலே வரிசை வரிசையாகக் கற்கள், கீழே ஒரு மட்டை, நடுவே ஒரு பந்து. மவுஸை இடமும் வலமுமாக நகர்த்தி, பந்தைத் தவறவிடாமல் தட்டித் தட்டிக் கற்களை உடைக்க வேண்டும்.

கல் உடையும்போது சில சமயம் அதிலிருந்து ஒரு வில்லை உதிரும். மட்டையால் ஏந்தினால் பலன் நமக்கு. ஒன்று மட்டையை நீட்டும், ஒன்று துப்பாக்கி மாட்டிவிடும், ஒன்று பந்தைக் கற்களைத் துளைத்துக்கொண்டே போகவைக்கும். மட்டையைச் சுருக்குகிற வில்லையும் உண்டு. மண்டையோடு போட்டதைத் தொட்டால் ஓர் உயிர் காலி.

மண்டையோட்டைக் கண்டு ஒதுங்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆட்டத்தைக் கெடுப்பது பெரும்பாலும் நல்ல வில்லைதான். பந்து வலது மூலையில் இறங்கிக்கொண்டிருக்கும்; இடது மூலையில் துப்பாக்கி விழும். ஓடினால் இரண்டையும் பிடித்துவிடலாம் என்று மனசு கணக்குப் போடும். துப்பாக்கி கிடைக்கும், பந்து போய்விடும். உயிர் போனதும் துப்பாக்கியும் கூடவே போகும்.

இதற்கெல்லாம் மூத்த ஆட்டமான அடாரியின் பிரேக்அவுட்டில் (1976) வில்லையே கிடையாது. பந்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். பத்து வருடம் கழித்து டைட்டோ நிறுவனம் கொண்டுவந்த ஆர்க்கனாய்டில்தான் வில்லைகள் விழத் தொடங்கின. அதில் எல்லாமே நல்லவை. ஆனால் லேசர் இருக்கும்போது மட்டையை நீட்டுகிற வில்லையைப் பிடித்தால், லேசர் போய்விடும். நல்லது ஒன்று வந்தால் இன்னொரு நல்லது இடம் விட வேண்டியிருந்தது.

நமக்கும் இப்படித்தான் விழுகின்றன. பதவி உயர்வு வரும், ஊர் மாற வேண்டியிருக்கும். குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளராக இருங்கள் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு வகுப்பு எடுங்களேன் என்பார் நண்பர். ஒன்றிலும் குறை சொல்ல முடியாது. வேண்டாம் என்று சொல்லக் காரணம் அகப்படாததாலேயே சரி என்று சொல்லிவிடுகிறோம்.

அதற்காக எதையும் பிடிக்க மாட்டேன் என்று இருப்பதும் சாமர்த்தியம் ஆகாது. மூலையில் மிஞ்சி நிற்கும் ஒற்றைக் கல்லைப் பந்தாலேயே உடைக்க முயன்று பாருங்கள், பொழுது விடிந்துவிடும். அங்கே துப்பாக்கி வேண்டும்தான். நன்றாக ஆடுகிறவர்கள் பந்து மேலே ஏறும் நேரத்தில் வில்லையைத் துரத்துவார்கள். இறங்கும்போது எவ்வளவு உசத்தியானது விழுந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அப்பா படுக்கையில் இருக்கிற வருடம், பிள்ளை பத்தாம் வகுப்பில் தடுமாறுகிற வருடம் எல்லாம் பந்து இறங்குகிற காலம். அப்போது விட்ட வாய்ப்பைப் போன்ற ஒன்று நாலு வருடம் கழித்து வந்தால் ஓடிப்போய்ப் பிடிக்கலாம், தப்பே இல்லை. வாய்ப்பு நல்லதா என்று விசாரிக்க நம்மைச் சுற்றி ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பந்து எங்கே இருக்கிறது என்பது ஆடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும். அதனால் வேண்டும், வேண்டாம் என்பதையும் அவரேதான் சொல்ல வேண்டும்.