எண் இல்லாத சாமிகள்

மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தில் மதத்துக்கு ஆறு எண்கள் உண்டு. இந்து 1, முஸ்லிம் 2, கிறிஸ்தவர் 3, சீக்கியர் 4, பௌத்தர் 5, சமணர் 6. இந்த ஆறிலும் சேராதவர் என்றால் எண் போடாமல், வீட்டார் சொல்லும் பெயரை முழுதாக எழுத வேண்டும். 2011-இல் விதி இப்படித்தான் இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஊட்டியைச் சுற்றியுள்ள ஒரு தோடர் மந்துக்கு, அதாவது அவர்கள் குடியிருப்புக்கு, கணக்கெடுக்கப் போகிறவர் பெரும்பாலும் பள்ளிக்கூட வாத்தியார். அன்றைக்கு முடிக்க வேண்டிய வீடுகள் இன்னும் பாக்கி. "சாமி கும்பிடுவீங்கல்ல? அப்ப இந்துதானே?" என்று கேட்டு, எதிரே இருப்பவர் தலையாட்டியதும் 1 போட்டுவிட்டு நகர்ந்தால் அவரைக் கடிந்துகொள்ளவும் மனம் வராது. அந்த ஒரு எண்ணால் யாருக்கு என்ன கெட்டுவிடும்?

நீலகிரிப் பழங்குடிகளான தோடர்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர்தான். அவர்களுடைய வழிபாடு எருமையைச் சுற்றியது. கோயில் எருமை வேறு, வீட்டு எருமை வேறு. கோயில் எருமையைக் கறந்து, பாலை உறையூற்றி, கடைந்து வெண்ணெய் எடுப்பதே பூசை. பால் புழங்கும் குடில்தான் கோயில், கறக்கிறவர்தான் பூசாரி. டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1906-இல் வெளியிட்ட ‘தி தோடாஸ்’ நூலில் பக்கம் பக்கமாக இந்தப் பால் சடங்குகள்தான். கர்ப்பிணிக்கு ஏழாம் மாதத்தில் இன்னொரு சடங்கு உண்டு. அடிமரத்தில் மாடம் குடைந்து விளக்கேற்றுவார்கள். குச்சியாலும் புல்லாலும் செய்த வில்லையும் அம்பையும் கணவன் அவள் கையில் கொடுப்பான். பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தகப்பன் யார் என்று ஊரறியச் சொல்வது இதுதான்.

இந்தச் சடங்கை இந்துத் திருமணச் சட்டத்தில் தேடினால் கிடைக்காது. 1955-இல் வந்த அந்தச் சட்டமே, மத்திய அரசு தனியாக அறிவித்தாலொழியப் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்று இரண்டாம் பிரிவில் சொல்லிவிட்டது. தலை எண்ணும்போது இந்து, தாலி கட்டும்போது இந்துச் சட்டத்துக்கு வெளியே. அரசுக்கு இது முரணாகப் படவில்லை. மதம் என்று பெயர் சொல்லி ஏற்காத ஒன்றில் கைவைக்கவும் அது தயங்கியதில்லை: ஈமச் சடங்கில் ஒருவருக்கு இரண்டு எருமைக்கு மேல் பலியிடக் கூடாதென்று வரம்பு கட்டியது ஆங்கிலேய அரசு.

எதிர்வாதத்துக்கும் வலு உண்டு. மலையில் யாரும் தனித்தீவாக வாழவில்லை. தோடர் வீட்டுச் சுவரில் முருகன் படமோ ஐயப்பன் படமோ இருக்கலாம். பழங்குடிகளில் பலர் தாமாகவே ‘இந்து’ என்று சொல்கிறார்கள். தோடர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. அப்படிச் சொல்கிறவரிடம் போய், "நீ இந்து இல்லை, உன் மதம் வேறு" என்று வகுப்பெடுப்பதும் அதே ஆணவம்தான். ஆள் மட்டும் மாறியிருக்கிறார், அவ்வளவே.

ஆங்கிலேயர் காலக் கணக்கெடுப்புகளில் பழங்குடி மதங்களுக்கென்று தனிப் பிரிவு இருந்தது. சுதந்திர இந்தியாவில் அது எடுக்கப்பட்டது. ஜார்க்கண்ட் சட்டமன்றம் 2020 நவம்பரில் சர்னா மதத்துக்குத் தனிக் குறியீடு கேட்டுத் தீர்மானம் போட்டது. 2011-இல் ஏறத்தாழ 49 லட்சம் பேர் எண் இல்லாமலே அந்தப் பெயரைச் சொல்லி எழுத வைத்தார்கள். அவர்கள் கோரிக்கை நியாயமானது. ஆனால் நாட்டின் எல்லாப் பழங்குடிகளுக்கும் சேர்த்து ஒரே குறியீடு என்று முடிந்தால் நீலகிரிக்கு அதில் லாபம் இல்லை. சர்னா என்பது சால் மரத்தோப்பு வழிபாடு. முத்தநாடு மந்தில் மூன்போ கோயிலைக் கும்பிடுகிறவருக்கும், உருவம் இல்லாத ஐயனோரையும் அம்மனோரையும் கும்பிடும் நீலகிரியின் இன்னொரு பழங்குடியான கோத்தருக்கும் அது இன்னொரு வெளியூர்ப் பெயர்.

ஒரு வழிபாடு மதம் என்ற அங்கீகாரம் பெறுவது எப்படி என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் ஒன்று இங்கே பொருந்தும். ஜெரால்டு கார்ட்னர் என்ற ஆங்கிலேயர் இளைஞராக இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். சூனியத் தடைச் சட்டம் பிரிட்டனில் 1951-இல் நீக்கப்பட்ட பிறகு, 1954-இல் புத்தகம் எழுதி ‘விக்கா’ என்ற சூனிய வழிபாட்டைப் பரப்பினார். 1986-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மதம் என்று ஒப்புக்கொண்டது. 2007-இல் அங்கே ராணுவக் கல்லறைக் கற்களில் அதன் ஐந்துமுனை நட்சத்திரத்தைப் பொறிக்க அனுமதி கிடைத்தது. அதற்குப் புத்தகம் இருந்தது, வக்கீல் இருந்தார், வழக்குப் போடத் தெரிந்த பக்தர்கள் இருந்தார்கள். நீலகிரியில் கதையே வேறு. மாந்திரீகம் செய்கிறார்கள் என்ற பயத்தில் 1835-இல் குறும்பர் பழங்குடியினர் 48 பேர் கொல்லப்பட்டதாகப் பழைய ஆங்கிலேய ஆவணங்கள் சொல்கின்றன. அவர்களுக்காக எந்த நீதிமன்றத்தில் யார் வாதாடியிருப்பார்கள்?

அங்கீகாரம் சும்மா கிடைப்பதுமில்லை. ஒரு மதத்தில் எது இன்றியமையாதது, எது உதிரி என்று பிரித்துப் பார்க்கும் வழக்கம் 1954-இன் சிரூர் மடத் தீர்ப்பிலிருந்து நம் நீதிமன்றங்களுக்கு உண்டு. தோடர் பால்கோயில் பக்கம் பெண்கள் போகக் கூடாது; மொற்பர்த் பண்டிகையில் கும்பிடுவது ஆண்கள். நாளைக்கு ஒரு தோடர் பெண் இதைக் கேள்வி கேட்டால், அந்த மதத்தின் சார்பில் யார் பதில் சொல்வார்? அரசு அங்கீகரித்த ஒரு பெரியவர். மந்துக்குள் பேசிப் பேசி மாறக்கூடிய ஒரு வழக்கம் கோப்பில் ஏறியதும் இறுகிவிடும். இந்த அச்சம் உண்மையானது. அதற்காக 1 போட்டது சரி என்று ஆகிவிடாது.

இதையெல்லாம் வைத்துப் பார்க்கையில், இந்தியாவில் நடந்த மிக நல்ல அங்கீகாரம் எந்த எண்ணையும் தரவில்லை. ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் வெட்டும் வழக்கில், 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் டோங்ரியா கோந்து மக்களின் மதத்துக்குப் பெயர் கேட்கவில்லை. அவர்கள் கும்பிடும் நியமராஜா இருக்கும் மலையைத் தோண்டலாமா என்று கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்றது. கூடிய 12 கிராம சபைகளும் கூடாது என்றன. சாமி இருக்கும் இடத்தைக் காப்பதுதான் அந்த மதத்தை மதிப்பது. பெயர் எழுதுவது அதற்கு அடுத்த வேலை.

நீலகிரியில் அப்படி யாரும் கேட்கவில்லை. தோடர் எருமைகள் மேய்ந்த புல்வெளியில் சீகையும் தைலமரமும் தேயிலையும் உருளைக்கிழங்கும் ஏறின. எருமை குறைந்தால் பூசை குறையும். படிவத்தில் ‘தோடர் வழிபாடு’ என்று அச்சடித்தே கொடுத்தாலும் கறக்க எருமை வேண்டுமே. இப்போது அந்நிய மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்கும் வேலை நடக்கிறது. நீர்வளம், வரையாடு என்று சொல்லும் காரணங்களும் சரியானவையே. அந்தத் திட்டங்களில் கோயில் எருமையையும் ஒரு காரணமாகச் சேர்த்து, எந்தச் சரிவு எந்த மந்துக்கு உரியதென்று மந்துக்காரர்களிடமே கேட்டுக் குறிக்கலாம். 2027 கணக்கெடுப்புக்கு வரும் வாத்தியார் செய்ய வேண்டியது அதைவிட எளிது: "அப்ப இந்துதானே?" என்பதை விட்டுவிட்டு, "என்ன எழுதட்டும்?" என்று கேட்டு, சொன்னதை எழுதிக்கொண்டு போவது.