சொல்லி அனுப்புகிறேன்

கோவை மத்திய சிறை வாசலிலிருந்து காந்திபுரம் பேருந்து நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம். விடுதலையாகி வருகிறவன் கையில் ஒரு துணிப்பை இருக்கும். உள்ளே வேலை செய்த கூலியில் பிடித்தம் போக மிஞ்சிய பணம் கொஞ்சம் இருக்கும். ஆனைகட்டிக்காரனாக இருந்தால் அங்கேயே பஸ் ஏறிக்கொள்வான். கணுவாய், சின்னத்தடாகம், மாங்கரை சோதனைச்சாவடி, அதற்குப் பிறகு மலைப்பாதை. இறங்குகிற இடத்தில் கொடுங்கரைப் பள்ளத்தின் மேல் பாலம். இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி. அவனுக்கு வீடு எந்தப் பக்கம் இருந்தாலும் முதலில் தாண்ட வேண்டியது பாலத்தை அல்ல, பஸ் நிறுத்தத்து டீக்கடையை. “எப்ப வந்தே?” என்று யாராவது கேட்பார்கள். அந்த ஒரு கேள்வியில் எல்லாம் இருக்கும்.

அப்படி வந்த ஒருவன் சில மாதங்களுக்கு முன் என் வீட்டு கேட்டுக்கு வெளியே வந்து நின்றான். தோட்டத்து மோட்டார் ஒயரை அறுத்து விற்ற வழக்கில் உள்ளே போய்வந்தவன். காட்டுப்பன்றித் தொல்லைக்காக நான் கல்லுக்கால் நட்டுக் கம்பிவேலி போட இருப்பது அவன் காதுக்கு எட்டியிருக்கிறது. “அண்ணா, வேலி கட்டறீங்கன்னு கேள்விப்பட்டேனுங்க. குழி தோண்டறதுக்கு நான் வரட்டுங்களா?” என்றான். கேட் திறந்துதான் இருந்தது. அவன் உள்ளே கால் வைக்கவில்லை. “பார்க்கலாம், சொல்லி அனுப்பறேன்” என்றேன். “சரிங்கண்ணா” என்று போய்விட்டான்.

சொல்லி அனுப்புகிறேன் என்பது எங்கள் பக்கம் இல்லை என்பதற்கு மரியாதையான பெயர். அது அவனுக்கும் தெரியும். அன்று சாயங்காலம் மோட்டார் ரூமின் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். அந்தக் கை என்னுடையதுதானா என்று இன்றுவரை எனக்கு உறுத்தல் உண்டு.

அதே கோவைச் சிறையில் 1908 முதல் 1910 வரை இருந்தவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. மாட்டுக்குப் பதிலாக அவரைப் பூட்டிச் செக்கிழுக்க வைத்ததைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சொல்வார்கள். அந்தக் கதையை நாம் பெரும்பாலும் செக்கோடு நிறுத்திவிடுகிறோம். அதற்குப் பின் நடந்ததுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. 1912 டிசம்பரில், பிறகு மாற்றப்பட்ட கண்ணூர் சிறையிலிருந்து அவர் வெளியே வந்தபோது வாசலில் காத்திருந்தவர்கள் மிகச் சிலர். அவர்களில் ஒருவர் அவருடைய விடுதலைப் போராட்டத் தோழர் சுப்பிரமணிய சிவா. 1906இல் கப்பல் கம்பெனி தொடங்கிய மனிதருக்குக் கம்பெனியும் இல்லை, வக்கீலாக வாதாட உரிமை தரும் சனதும் இல்லை. தண்டனை பெற்றவர் என்பதால் சனது பறிபோயிருந்தது. சென்னையில் மளிகைக் கடை, மண்ணெண்ணெய்க் கடை என்று வைத்துப் பார்த்தார். தேசமே கொண்டாட வேண்டிய ஒருவர் வெளியே வந்தபின் பிழைப்புக்கு அலைந்தார்.

சனது திரும்பக் கிடைக்கப் பத்தாண்டு போல ஆயிற்று. அதற்கு உதவியவர் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி. திருநெல்வேலிப் பக்கம் பணியாற்றிய காலத்திலேயே வ.உ.சி.யை அறிந்தவர். தமக்குப் பிறந்த மகனுக்கு வ.உ.சி. வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். தம்மைச் சிறையில் அடைத்த ஆட்சியின் நீதிபதி பெயரைத் தம் பிள்ளைக்கு வைக்கிற அளவுக்கு அந்த ஒரு காகிதம் அவருக்குப் பெரிதாக இருந்திருக்கிறது. அதைத் திரும்பத் தந்த கையை அவர் மறக்கவில்லை.

வ.உ.சி. செய்தது குற்றமல்ல, விடுதலைப் போர். ஒயர் திருடியவனை அவர் பக்கத்தில் நிறுத்தவில்லை. ஆனால் அவருக்கே அந்தக் கதி என்றால், படிப்பும் பெயரும் இல்லாமல் வெளியே வருகிறவனுக்கு என்ன கதி என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அவனுக்குச் சனது எது? மேஸ்திரி வந்து “நாளைக்கு வாடா” என்று கூப்பிடுகிறாரே, அதுதான். கூலிக்காரனுக்கு வேறு சான்றிதழ் கிடையாது.

தடாகம் பள்ளத்தாக்கில் செங்கல் சூளைகள் எரிந்த காலத்தில் பெயர் கேட்காமலும் வேலை கிடைத்தது. அனுமதியில்லாமல் இயங்கிய அந்தச் சூளைகள் 2021இல் மூடப்பட்டன. செம்மண்ணையும் யானை நடக்கிற வழியையும் தின்ற சூளைகள் அவை; மூடியது சரி. ஆனாலும் எதையும் விசாரிக்காமல் திறந்த ஒரு கதவும் அதோடு சாத்திக்கொண்டது.

திருந்தாதவர்கள் என்று சொல்கிறோம். உள்ளே போனவன் மறுபடி போகத்தான் செய்வான் என்கிறோம். எப்படிப் போகிறான் என்பதைக் கிட்ட இருந்து பார்த்தால் தெரியும். முதல் வாரம் உறவுக்காரர்கள் வந்து பார்ப்பார்கள். இரண்டாம் வாரம் வேலை தேடிப் போவான். நான் சொன்னதைப் போலவே நாலு பேர் சொல்லி அனுப்புவதாகச் சொல்வார்கள். எங்கேயாவது ஆடு காணாமல் போனால் முதலில் இவனைக் கூட்டிப் போவார்கள். சிறையில் மனு போட்டு அவனைப் பார்க்கப் போய்வந்த வகையில் மனைவி வாங்கிய கடனுக்கு வட்டி நிற்கும். யாருமே அவனைக் கூப்பிடவில்லை என்று சொல்ல முடியாது. ஒரே ஒருவன் கூப்பிடுவான். மலைக்கு மேலிருந்து கஞ்சா இறக்குகிறவன். அவன் பழைய வழக்கு என்ன என்று கேட்பதில்லை. முன்பணமும் தருவான். நாங்கள் சொல்லி அனுப்பாத இடத்தில் அவன் ஆள் அனுப்பிவிடுகிறான்.

சிறைக்குள் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்வது அநியாயம். கோவையில் நஞ்சப்பா சாலையோரம் சிறைத்துறை நடத்தும் பெட்ரோல் பங்க் இருக்கிறது. தண்டனைக் கைதிகளே பெட்ரோல் போடுகிறார்கள். ஐந்நூறு ரூபாய் நோட்டை வாங்கி, எண்ணி, மிச்சத்தைக் கையில் தருகிறார்கள். நானும் அங்கே வண்டி நிறுத்தியிருக்கிறேன். சில்லறை சரியாக இருக்கிறதா என்று யாரும் சந்தேகத்தோடு பார்த்ததாக எனக்கு நினைவில்லை. சிங்காநல்லூரில் திறந்தவெளிச் சிறை இருக்கிறது. கேரளத்தில் நெட்டுகால்தேரியில் 1962 முதல் ரப்பர் தோட்டத்தில் கைதிகள் காவல் அதிகமில்லாமல் வேலை செய்கிறார்கள். தண்டனை அனுபவிக்கிறவன் கையில் நாம் கல்லாப்பெட்டியையே தருகிறோம். தண்டனை முடிந்த மறுநாள் அதே ஆளிடம் துடைப்பத்தைக் கொடுக்கத் தயங்குகிறோம். உள்ளே இருக்கும்போது அவனுக்காக அரசு பொறுப்பேற்கிறது. வெளியே வந்தபின் பொறுப்பேற்க ஆளில்லை. அந்த ஆள் நாமாக இருந்திருக்க வேண்டும்.

பாலக்காட்டில் பிறந்த தமிழர் வி.ஆர். கிருஷ்ணய்யர் இதைச் சட்டமாகவே எழுதிப் பார்த்தார். 1948இல் தாமே ஏறக்குறைய ஒரு மாதம் காவலில் இருந்தவர், 1957இல் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சட்டத்தோடு சிறைத்துறையையும் பார்த்துக்கொண்டவர். உச்ச நீதிமன்ற நீதிபதியாக 1977இல் முகமது கியாசுதீன் வழக்கில், வேலை வாங்கித் தருவதாக ஏமாற்றிய ஓர் இளைஞனின் மூன்றாண்டு தண்டனையைப் பதினெட்டு மாதமாகக் குறைத்தார். அதோடு விடவில்லை. அவன் மனதுக்கு ஒத்த வேலை கொடுக்க வேண்டும், அவ்வப்போது பரோலில் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றும் எழுதினார். பரோலை நான் இப்போது வேறு மாதிரி புரிந்துகொள்கிறேன். அவன் ஊரை மறக்காமல் இருப்பதற்கு மட்டுமல்ல, ஊர் அவனை மறக்காமல் இருப்பதற்கும் அது வேண்டும்.

குற்றவாளி என்று பெயர் சூட்டுவதில் நமக்கு நீண்ட பழக்கம் உண்டு. பிறப்பிலேயே சில சாதிகளைக் குற்றப்பரம்பரை என்று எழுதிவைத்த சட்டம் 1871இல் வந்தது. அதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள் 1920இல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சட்டம் போய் எழுபது ஆண்டுக்கு மேலாகிவிட்டது. ஆனால் சிறைக் கையேடுகளில் அந்த வாடை ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்க உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. காகிதத்திலிருந்து ஒரு பெயரை எடுக்கவே இவ்வளவு காலம் ஆகிறது.

இதுவரை சொன்னது எளிது. பரிதாபப்படத் தக்க ஒருவனை மன்னிப்பது பெரிய காரியமல்ல. ஆனால் ஆனைகட்டிப் பாலத்தைத் தாண்டிப் போனால் அட்டப்பாடியில் முக்காலி என்ற ஊர் வரும். 2018 பிப்ரவரி 22 அன்று, அரிசி திருடினான் என்று சொல்லி ஓர் ஆதிவாசி இளைஞனைக் காட்டிலிருந்து கட்டி இழுத்து வந்து கூட்டமாக அடித்தார்கள். அவன் செத்துப்போனான். அவனைப் படம் எடுத்தும் வைத்துக்கொண்டார்கள். 2023இல் மண்ணார்க்காடு நீதிமன்றம் பதின்மூன்று பேருக்கு ஏழாண்டு கடுங்காவல் விதித்தது. அன்று எனக்கு அந்தத் தண்டனை போதாது என்றே தோன்றியது. இன்றும் அந்தப் படத்தை நினைத்தால் வயிறு பிசைகிறது.

அந்தப் பதின்மூன்று பேரும் ஒருநாள் தண்டனை முடித்து அதே முக்காலிச் சந்திப்புக்கு வருவார்கள். அந்த இளைஞனின் தாய் இருக்கிற பக்கத்துக்கு. அவர்களை அவர் மன்னிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை, யாருக்கும் இல்லை. ஆனால் மற்றவர்களாகிய நாம் அவர்களுக்கு என்ன வைத்திருக்கிறோம்? ஒரு திருடனுக்கு இந்த ஊரில் இடமில்லை என்று முடிவு செய்த கூட்டம்தான் அன்று அவனை அடித்தது. அடித்தவர்களுக்கு இந்த ஊரில் இடமில்லை என்று நானும் முடிவு செய்தால், கையில் கம்பு இல்லை என்பதைத் தவிர அந்தக் கூட்டத்துக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? இதை எழுதும்போதும் மனம் முழுதாக ஒப்பவில்லை. ஒப்பாவிட்டாலும் இது உண்மை என்று தெரிகிறது. எத்தனை ஆண்டு உள்ளே இருக்க வேண்டும் என்பதை நீதிமன்றம் எழுதும். அது எப்போது முடியும் என்பதை ஊர்தான் எழுதுகிறது. நாம் எழுதி முடிக்காதவரை அவன் காந்திபுரத்தில் பஸ் ஏறியும் ஊர் வந்து சேர்வதில்லை.

என் வேலி இன்னும் கட்டவில்லை. கல்லுக்கால்கள் வாசலோரம் அடுக்கிக் கிடக்கின்றன. நேற்று பள்ளத்தைத் தாண்டிப் போகிற பால்காரரிடம் அவனுக்குச் சொல்லி அனுப்பினேன். திங்கட்கிழமை காலையில் கடப்பாரையோடு வந்துவிடுவதாகப் பதில் வந்திருக்கிறது. மோட்டார் ரூம் சாவியையும் அவனிடமே கொடுக்க வேண்டும். தண்ணீர் விட்டால்தான் அந்த மண்ணில் குழி இறங்கும்.